காற்றறை இருக்கைத் திண்டு: ஓராண்டு நெடும்பயணத்தில் கண்டவை

நாளொன்றுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம் என்று கேட்டால், மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் போகிற ஒவ்வொருவரும் ஓர் எண்ணைச் சொல்வார்கள். பல ஆண்டுகளாக நான் சொல்லி வந்த எண் 450. வண்டிக்கு அதைவிட அதிகத் தெம்பு உண்டு. எனக்கும் ஆசை உண்டு. ஆனால் வண்டியில் ஏறி ஒரு மணி நேரம் கடந்ததும் பிட்டத்தின் அடியில் லேசான எரிச்சலாகத் தொடங்கும் வலி, ஒன்றரை மணி நேரத்துக்குள் என் கவனம் முழுவதையும் சாலையிலிருந்து பிடுங்கித் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அந்த வலியைத் தீர்ப்பதற்காகவே ஓராண்டுக்கு முன் காற்றறைத் திண்டு ஒன்றை வாங்கினேன். இதுவரை ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர் அதன் மேல் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறேன். ஒரே நாளில் போய்த் திரும்பிய பயணங்களும், நான்கைந்து நாள் தொடர்ந்த பயணங்களும் அதில் அடங்கும். ஒரே அமைப்பில் பல நிறுவனங்கள் இதைத் தயாரிப்பதால், எந்தப் பெயரையும் சொல்லாமல் பொருளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பார்வைக்கு எளிமையான பொருள்தான். முட்டை அடுக்கும் அட்டையைப் போல வரிசை வரிசையாகச் சிறு குமிழ்கள் எழுந்து நிற்கும் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. ஒவ்வொரு குமிழும் ஒரு காற்றறை. அவற்றை மெல்லிய காற்றுவழிகள் ஒன்றோடொன்று இணைக்கின்றன. மேலே காற்றோட்டமுள்ள வலைத்துணி உறை, அடியில் வழுக்காத துணி, வண்டியின் இருக்கையைச் சுற்றிக் கட்ட இரண்டு பட்டைகள், ஓரத்தில் வாயால் ஊதக்கூடிய ஒரு திருகு வால்வு.

இந்த அமைப்பு மோட்டார் சைக்கிளுக்காகத் தோன்றியதன்று. நாள் முழுவதும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து புண் உண்டாவதைத் தடுக்க 1970களில் வந்த காற்றறைத் திண்டுகளின் வழித்தோன்றல் இது. மூடிய கலத்துக்குள் இருக்கும் வாயுவின் மேல் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று பள்ளியில் படித்த பாஸ்கல் விதியே இதன் அடிப்படை. உட்காரும்போது நம் எடையின் பெரும்பங்கு இடுப்பெலும்பின் இரண்டு அடிமுனைகளில் இறங்குகிறது. அந்த முனைகளுக்குக் கீழே உள்ள அறைகள் அமுங்க, அவற்றிலிருந்த காற்று பக்கத்து அறைகளுக்குப் போய்த் தொடையின் கீழுள்ள குமிழ்களை எழுப்புகிறது. இரண்டு புள்ளிகளில் குவிந்திருந்த எடையை இப்போது அகன்ற பரப்பு தாங்குகிறது. காற்றுவழிகள் குறுகலாக இருப்பதால் காற்று மெதுவாகவே இடம் மாறும். அதனால்தான் வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது திண்டு ஒரு பக்கமாகச் சரிந்துவிடுவதில்லை.

வண்டியோடு வரும் இருக்கை ஏன் வலிக்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். பெரும்பாலான இருக்கைகள் பாலியூரித்தேன் ஃபோமால் ஆனவை. விற்பனைக் கூடத்தில் உட்கார்ந்து பார்க்கும் ஐந்து நிமிடத்தில் நம்மைக் கவரும் மென்மையான ஃபோம், ஒரு மணி நேரத்தில் நசுங்கி, எலும்புமுனையை ஏறக்குறைய அடித்தட்டின் மேலேயே உட்கார வைத்துவிடும். தோலின் அடியில் ஓடும் நுண்ணிய இரத்தக்குழாய்களின் அழுத்தம் ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் பாதரசம் என்பது மருத்துவத்தில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் அளவு. எலும்புமுனையின் அடியில் விழும் அழுத்தம் அதைத் தாண்டும்போது அந்த இடத்துக்கு இரத்தம் சரியாகப் போவதில்லை. முதலில் எரிச்சலும், பிறகு மரத்துப்போதலும் வருவது அதனால்தான். காற்றறைத் திண்டு அழுத்தத்தைக் குறைக்குமே தவிர, இல்லாமல் ஆக்கிவிடாது. ஆகவே அவ்வப்போது கால்வைப்பில் எழுந்து நின்று இரத்தத்தை ஓடவிடும் பழக்கத்தைத் திண்டு வாங்கியவர்களும் கைவிடக்கூடாது.

இந்தப் பொருளைப் பற்றி வரும் குறைகளில் பாதிக்கு மேல், காற்றை அளவுக்கு மீறி அடைப்பதால் வருபவை என்று நான் நம்புகிறேன். முதல் வாரத்தில் நானும் அதைத்தான் செய்தேன். நிறையக் காற்று இருந்தால் நிறைய மென்மை கிடைக்கும் என்று எண்ணி, குமிழ்கள் விறைத்து நிற்கும்வரை ஊதி, வண்டியில் ஏறியபோது பந்தின் மேல் உட்கார்ந்தது போல் இருந்தது. வண்டியின் பின்சக்கரம் என்ன செய்கிறது என்பதை நாம் இருக்கையின் வழியாகத்தான் பெரிதும் உணர்கிறோம். அந்த உணர்வே அறுந்துபோனது. சரியான முறை இதுதான்: திண்டை நன்றாக ஊதிக் கட்டிவிட்டு, பயணத்தில் அணியும் உடையோடு, பயணத்தில் உட்காரும் அதே நிலையில் ஏறி அமர வேண்டும். வண்டியை வேறொருவர் பிடித்துக்கொண்டால் கால்களையும் கால்வைப்பில் வைத்துக்கொள்ளலாம். பிறகு வால்வைச் சிறிது திறந்து, காற்று சீறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உடல் மெல்ல இறங்குவதைக் கவனிக்க வேண்டும். ஒரு கையைத் திண்டுக்கு அடியில் நுழைத்தால் எலும்புமுனை எங்கே இருக்கிறது என்பது விரலுக்குத் தெரியும். அந்த முனைக்கும் அடியிலுள்ள இருக்கைக்கும் இடையில் ஒரு விரல் கனம், அதாவது ஒன்றிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர், மீதமிருக்கும்போது வால்வைத் திருகி மூடிவிட வேண்டும். அந்த நிலையில் திண்டைப் பார்த்தால் காற்றே இல்லாதது போல் தொய்வாகத் தெரியும். பார்ப்பவர்கள் பஞ்சரா என்று கேட்பார்கள். அதுதான் சரியான அளவு.

அரை மணி நேரம் ஓட்டியபின் ஒருமுறை நிறுத்தி இதே சோதனையை மீண்டும் செய்வது நல்லது. இருக்கையும் உடலும் சூடேறியபின் காற்று விரிந்து திண்டு சற்று விறைத்திருக்கும்.

இனி முதல் நெடும்பயணத்தைச் சொல்ல வேண்டும். இந்த மதிப்புரையை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே அந்த நாளால்தான். காலை 5 மணிக்குக் கிளம்பினேன். வழக்கமாக ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வலி என்னை இறக்கிவிடும். அன்று இரண்டு மணி நேரம் கடந்தது, இரண்டரை ஆனது, மூன்று ஆனது. டேங்கில் பெட்ரோல் குறைந்ததால்தான் முதல்முறை நிறுத்தினேன். இறங்கி நடந்தபோது வலி இல்லை. உடலின் ஒரு பாகத்தை மறந்தே ஓட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த மகிழ்ச்சியில் பத்தே நிமிடத்தில் மறுபடியும் கிளம்பினேன். அடுத்த நிறுத்தமும் பெட்ரோலுக்காகவே. இப்படியே நாள் முழுவதும் ஓடி, மாலை 6.30 மணிக்கு 790 கிலோமீட்டரைத் தொட்டேன். பதின்மூன்றரை மணி நேரம். என் வாழ்நாளில் அதுவரை ஒரே நாளில் ஓட்டியிராத தூரம்.

அன்றைய கடைசிப் பெட்ரோல் நிலையத்தில் நடந்ததை மறக்க முடியாது. வண்டியை நிறுத்தி, சாவியைத் திருப்பி அணைத்து, வலது காலைத் தூக்கி இறங்க முயன்றேன். சைடு ஸ்டாண்டைத் தட்டவே இல்லை. தட்டினேனா என்ற சந்தேகம்கூட மனத்தில் எழவில்லை. தட்டிவிட்டதாகவே உடல் நம்பிக்கொண்டிருந்தது. பெட்டிகளின் சுமையோடு வண்டி இடப்பக்கமாகச் சாய, இரண்டு கைகளாலும் ஹேண்டில்பாரைப் பிடித்து, தொடையால் முட்டுக்கொடுத்து, ஒருவழியாக நிறுத்தினேன். வண்டிக்கும் எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கை நடுக்கம் அடங்க நேரம் பிடித்தது. அப்படி நின்றுகொண்டிருந்தபோதுதான் கடைசி ஒரு மணி நேரத்தைத் திரும்பிப் பார்த்தேன்: ஒரு லாரியை முந்தியபின் இண்டிகேட்டரை அணைக்காமல் வெகுதூரம் வந்திருந்தேன், திரும்ப வேண்டிய ஓரிடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்திருந்தேன், கடந்து வந்த கடைசி ஊர் எப்படி இருந்தது என்று நினைவே இல்லை.

அன்றிரவு எனக்குப் புரிந்தது இது. இத்தனை ஆண்டுகளாக ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை என்னை இறக்கிவிட்ட வலி, எனக்குத் தெரியாமலேயே எனக்கு ஓய்வும் கொடுத்துக்கொண்டிருந்தது. வலிக்காக இறங்கியவன் தண்ணீர் குடித்தான், தலைக்கவசத்தைக் கழற்றிக் காற்று வாங்கினான், கண்ணைக் கழுவினான், நான்கு அடி நடந்தான். திண்டு அந்த வலியை எடுத்துவிட்டது. அதோடு சேர்ந்து அத்தனை நிறுத்தங்களும் போய்விட்டன. களைப்பு மட்டும் அப்படியே இருந்தது. அது வலியைப் போல் சத்தம் போட்டுத் தன்னை அறிவிப்பதில்லை. காற்று விசையும், தலைக்கவசத்துக்குள் இரையும் சத்தமும், வெயிலும், இடைவிடாமல் சாலையைப் படிக்கும் உழைப்பும் மெல்ல மெல்லச் சேர்ந்து, முடிவெடுக்கும் திறனைத்தான் முதலில் குறைக்கின்றன. குறைந்துவிட்டது என்று உணர்ந்து சொல்ல வேண்டியதும் அதே மூளைதான் என்பதால், உரிய நேரத்தில் அது சொல்வதில்லை.

எனவே இந்தத் திண்டை வாங்குகிறவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்வது: வலி பார்த்துவந்த வேலையை இனிக் கடிகாரத்திடம் ஒப்படைக்க வேண்டும். ஹேண்டில்பாரில் பொருத்தியிருக்கும் கைப்பேசியில் 90 நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும்படி வைத்திருக்கிறேன். மணி அடித்தபின் வரும் முதல் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துவேன். வலிக்கிறதா, களைப்பாக இருக்கிறதா என்று என்னையே கேட்டுக்கொள்வதில்லை. கேட்டால் இன்னும் கொஞ்சம் போகலாம் என்றுதான் பதில் வரும். இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றி, குறைந்தது பத்து நிமிடம் வண்டியை விட்டு விலகி நிற்பது, தண்ணீர் குடிப்பது, மூன்றாவது நிறுத்தமானால் அரை மணி நேரமாவது நிழலில் உட்காருவது. இந்த ஒழுங்கு வந்தபின் நான் ஓட்டும் தூரம் நாளொன்றுக்கு 450இலிருந்து 550 வரை உயர்ந்திருக்கிறது. 790 கிலோமீட்டர் நாளைத் திரும்பச் செய்ய நான் விரும்பவில்லை.

ஆனால் 550 என்ற எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. தூரத்தை எண்ணுவதைவிட இருக்கையில் கழியும் மணி நேரத்தை எண்ணுவதே நேர்மையான கணக்கு. என் அளவு எட்டு மணி நேரம். நாற்கரச் சாலையில் வண்டி ஓடும் நேரத்துச் சராசரி 70 கிலோமீட்டர் என்றால், எட்டு மணி நேரத்தில் 560 ஆகும். ஊர்களைக் குறுக்கிட்டுப் போகும் இருவழிச் சாலையில் சராசரி 50க்கு இறங்கினால் அதே உழைப்புக்கு 400தான். மலைப்பாதையில் 35 கிடைத்தால் பெரிது. அங்கே 280 கிலோமீட்டர் ஓட்டியவர், நெடுஞ்சாலையில் அதைப்போல் இருமடங்கு ஓட்டியவரைவிடக் குறைவாகக் களைத்திருப்பார் என்று சொல்ல முடியாது. வரைபடத்தில் தூரத்தைப் பார்த்துத் தங்குமிடத்தை முடிவு செய்கிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 என்ற விதி, லாரி ஓட்டுநர்கள் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் இடைவெளி எடுக்க வேண்டும், வழக்கமான நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்று வரையறுக்கிறது. மூடிய அறைக்குள், சாய்மானம் உள்ள இருக்கையில் அமர்ந்து, அதையே தொழிலாகச் செய்பவருக்கான எல்லை அது. இரண்டு சக்கரத்தில் காற்றையும் வெயிலையும் நெஞ்சில் வாங்கிக்கொண்டு போகிறவர் அதைவிடக் குறைவாக வைத்துக்கொள்வதே முறை.

அமெரிக்காவில் அயர்ன் பட் சங்கம் என்றோர் அமைப்பு, 24 மணி நேரத்தில் 1,000 மைல், அதாவது 1,609 கிலோமீட்டர் ஓட்டியவர்களுக்குச் சான்றிதழ் தருகிறது என்பதையும், அந்தச் சவாலுக்குச் சேடில்சோர் என்று இருக்கைப் புண்ணின் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்பதையும் நெடும்பயண ஆர்வலர்கள் அறிவார்கள். அந்தத் தூரத்தை வகுத்துப் பார்த்தால், நிறுத்தங்கள் உட்பட மணிக்கு 67 கிலோமீட்டர் சராசரிதான் வருகிறது. அதைச் சாதிப்பவர்கள் வேகத்தால் சாதிப்பதில்லை. பெட்ரோலும் ரசீதும் தண்ணீரும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் எத்தனை நிமிடம் எடுக்கும் என்று முன்கூட்டியே திட்டமிட்டு, தங்களுக்கேற்ற இருக்கையை வெகுகாலம் பழகிய பின்னரே இறங்குகிறார்கள். பயணத்துக்குச் சற்று முன்னால் வண்டியில் புதிய உபகரணம் எதையும் பொருத்தாதீர்கள் என்பது அந்தச் சங்கம் தரும் அறிவுரைகளில் ஒன்று. திண்டைப் பொறுத்தவரை அது முற்றிலும் உண்மை. 100, 150 கிலோமீட்டர் பயணங்கள் மூன்று நான்காவது போய்வந்து காற்றின் அளவு கைக்குப் பழகிய பிறகே இதை நெடும்பயணத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

வேகத்தைக் கூட்டித் தூரத்தைக் கூட்டலாம் என்ற எண்ணமும் கணக்கில் நிற்பதில்லை. 100 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 90இல் ஓட்டாமல் 100இல் ஓட்டினால் மிச்சமாவது ஏழு நிமிடத்துக்கும் குறைவு. கூடும் காற்று விசையும் சத்தமும் அந்த ஏழு நிமிடத்தை அடுத்த நிறுத்தத்தில் நீட்டிப்பாகத் திரும்ப வாங்கிவிடுகின்றன. மணிக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டருக்கு மேல் தலைக்கவசத்துக்குள் என்ஜின் சத்தத்தைக் காற்றின் இரைச்சல் மிஞ்சிவிடும். செவி அடைப்பான் அணிந்து ஓட்டும் நாளில் மாலைக் களைப்பு வெளிப்படையாகக் குறைகிறது என்பதைத் திண்டோடு சேர்த்தே கற்றுக்கொண்டேன். திண்டுக்குச் செலவழிக்கிறவர்கள் அடைப்பானையும் மறக்காமல் வாங்கலாம்.

இருட்டு விலகுமுன் கிளம்புவது பெரும்பாலோர் வழக்கம். எனக்கும் அதுவே பிடிக்கும். ஆனால் தூக்கத்தின் கணக்கையும் அதோடு பார்க்க வேண்டும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குத் தாழ்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதிகாலை 3 மணிக்கு எழுந்தவருக்கு அந்த 17 மணி நேரம் இரவு 8 மணிக்கே முடிந்துவிடும். திண்டு வசதியாக இருக்கிறது, இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டித் தங்குமிடத்துக்குப் போய்விடலாம் என்று தோன்றுவதும் அந்த நேரத்தில்தான். சூரியன் மறைவதற்கு முன் வண்டியை விட்டு இறங்குவது என்பதை நான் இப்போது மாற்றமில்லாத விதியாக வைத்திருக்கிறேன்.

குறைகளுக்கு வருகிறேன். மலை ஏறும்போது திண்டு உப்புகிறது. 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால், சமவெளியில் சரியாக இருந்த திண்டு மேலே போனதும் பந்து போல் விறைக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியின் பிடிமானத்தை உணர வேண்டிய இடத்தில் அந்தத் தள்ளாட்டம் ஆபத்தானது. பாதி மலையில் நிறுத்தி வால்வைத் திறந்து காற்றை விட வேண்டும். இறங்கும்போது அதே காற்று போதாமல் போவதால் அடிவாரத்தில் மீண்டும் ஊத வேண்டும். வால்வு ஓரத்தில் எட்டும்படி இருப்பதால் இது இரண்டு நிமிட வேலைதான். ஆனால் செய்ய மறக்கக்கூடாது. உச்சிவெயிலில் வண்டியை நிறுத்திவைத்துத் திரும்பும்போதும் இதே கதைதான். கறுப்பு உறை சூடேறிக் குமிழ்கள் விறைத்திருக்கும். ஏறுவதற்கு முன் கையால் அழுத்திப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

மழையில் வலைத்துணி உறை தண்ணீரைக் குடித்துக்கொள்கிறது; குமிழ்களுக்கு இடையிலும் நீர் தங்கும். நிறுத்திய வண்டியில் மழை பெய்து, பிறகு அதன் மேல் உட்கார்ந்தால் மழைக்கால்சட்டை அணிந்திருந்தாலும் குளிர்ச்சி ஏறும். ஓடும்போது நனைவதைவிட நின்றிருக்கும்போது நனைவதே தொல்லை என்பதால், நிறுத்தத்தில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துவிடுகிறேன். வெயில் காலத்தில் இதே இடைவெளிகள் பெரும் நன்மையாகின்றன. அவற்றின் வழியே காற்று ஓடுவதால் வியர்வை தேங்கித் தோல் ஊறிப்போவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

உயரத்தைப் பற்றிக் கட்டாயம் யோசிக்க வேண்டும். சரியாகக் காற்று விட்ட நிலையிலும் இருக்கை ஓரிரு சென்டிமீட்டர் உயர்கிறது. திண்டின் அகலம் தொடைகளையும் சற்று விரிக்கிறது. ஏற்கெனவே குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நிற்பவர்கள், சுமையேற்றிய வண்டியைச் சரிவான இடத்தில் நிறுத்தும்போது தடுமாறக்கூடும். அவர்கள் வாங்குவதற்கு முன் யாருடையதையாவது கேட்டு உட்கார்ந்து பார்ப்பது நல்லது. பட்டைகளும் முழு நம்பிக்கைக்கு உரியவை அல்ல. என் வண்டியில் ஒரு பட்டை 3,000 கிலோமீட்டருக்குள் தளர்ந்து, திண்டு பக்கவாட்டில் நகரத் தொடங்கியது. பட்டையின் மிச்ச நுனியைச் சங்கிலிப் பக்கம் தொங்கவிடாமல் மடித்துக் கட்டுவது மிக முக்கியம். பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு போகும்போது அவருக்கும் தனித் திண்டு இல்லையென்றால், ஓட்டுநர் மட்டும் வலியில்லாமல் ஓட்டிக்கொண்டே போவார். பின்னால் இருப்பவரின் வலிதான் அன்றைய தூரத்தை முடிவு செய்ய வேண்டும்.

எல்லா வண்டிக்கும் இது ஒரே அளவு பயன் தராது. முதுகு நிமிர்ந்து, கால்கள் உடலுக்கு நேர்கீழே இருக்கும் வண்டிகளில் இது மிக நன்றாக வேலை செய்கிறது. கால்களை முன்னால் நீட்டி ஓட்டும் க்ரூசர் வகையில் எடை வால் எலும்பின் பக்கம் சாய்வதால், திண்டைப் பின்னால் நகர்த்திக் கட்ட வேண்டியிருக்கிறது. முதுகின் அடிப்பகுதியில் ஏறும் அதிர்ச்சியை அது ஓரளவே தாங்கும். முன்குனிந்து ஓட்டும் ஸ்போர்ட்ஸ் வண்டிகளில் எடையின் ஒரு பகுதி மணிக்கட்டில் இறங்குகிறது; பிரேக் பிடிக்கும்போது உடல் திண்டோடு முன்னால் வழுக்கும். அவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மாற்றுப் பொருள்களில் ஜெல் திண்டை ஒரு பருவம் பயன்படுத்தியிருக்கிறேன். சிறு அதிர்வுகளைக் காற்றறையைவிட நன்றாக விழுங்கும். ஆனால் வெயிலில் நின்ற ஜெல், சூட்டை உள்ளே பிடித்துவைத்துக்கொண்டு வெகுநேரம் விடுவதில்லை. ஆட்டுரோம விரிப்பு அழுத்தத்தைப் பெரிதாகக் குறைக்காவிட்டாலும் வியர்வைக்கு நல்லது. நெடும்பயணமே வாழ்க்கையாகக் கொண்டவர்களுக்கு, தங்கள் உடலுக்கேற்ப ஃபோமைச் செதுக்கி அமைத்த இருக்கையே முதல் தேர்வு. செலவும் காத்திருப்பும் கூடும். திண்டின் பெரிய வசதி, ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு ஐந்து நிமிடத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்பதே. எதை வாங்கினாலும், தடித்த தையல் உள்ள பருத்தி உள்ளாடையோடு எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் அந்தத் தையலே புண்ணாக்கும். தையல் உறுத்தாத, வியர்வை சீக்கிரம் உலரும் உள்ளாடைக்கு மாறியது, திண்டு தந்த நிம்மதியில் பாதியையாவது எனக்குத் தந்திருக்கும்.

ஒன்பதாவது மாதத்தில் ஒரு குமிழில் ஊசித்துளை விழுந்தது. காலையில் சரியாக இருந்த திண்டு மதியத்துக்குள் தட்டையாகிவிட்டது. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்து இடத்தைக் கண்டுபிடித்து, திண்டோடு கொடுத்திருந்த ஒட்டுத் துண்டை ஒட்டினேன், இதுவரை தாங்குகிறது. காற்று போன அந்த அரை நாள், 160 கிலோமீட்டர், பழைய இருக்கையிலேயே ஓட்டினேன். ஒரு மணி நேரம் கடந்ததுமே வலி வந்துவிட்டது. வந்த உடனே நிறுத்தி இறங்கினேன். கைப்பேசியில் மணி அடிக்க இன்னும் 25 நிமிடம் இருந்தது. அடுத்த மாதம் மூன்று நாள் பயணம் ஒன்று இருக்கிறது. முதல் நாள் 520, இரண்டாம் நாள் மலைப்பாதை என்பதால் 270, மூன்றாம் நாள் 430 என்று பிரித்து வைத்திருக்கிறேன். ஒட்டுத் துண்டு இன்னும் இரண்டு மிச்சமிருக்கின்றன. அவற்றை இருக்கைக்கு அடியிலுள்ள கருவிப் பெட்டியில் வைத்துவிட்டேன்.